ஒரு சாண் கூடுதல்

கேரவன் வண்டியின் கூரையோரத்துக் காடிப் பள்ளத்தில் பாதித் தூரம் வந்த கித்தான் துணி அங்கேயே சிக்கிக்கொண்டது. ஏணியின் மூன்றாவது படியில் நின்று டங்கன் இழுத்தான். கீழே நின்று இரண்டு கைகளாலும் துணியை ஏந்திக்கொண்டிருந்த பெரில், அவன் இழுக்க இழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தாள். அது ஒரு விரற்கடை நகர்ந்தது. பிறகு அதுவும் இல்லை.

கேரவனின் முன் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளேயிருந்து ராயின் குரல் வந்தது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் வார்த்தைகளை எடுத்து வைக்கிற குரல்.

"பெரில். இழுத்தா வராது. மெழுகு தடவணும்னு... அவன்கிட்ட சொல்லு."

"கேட்டுச்சு பெரில்," என்றான் டங்கன், ஜன்னல் பக்கம் திரும்பாமல். "மெழுகுவர்த்தி எங்க இருக்குன்னு அவர்கிட்ட கேளுங்க."

"கரண்டி வைக்கிற டப்பாவுல. கரண்டு போனா கொளுத்தறதுக்கு வாங்கினது. நீயே எடுத்துக் குடு, பெரில்."

இருவருக்கும் நடுவில் ஐந்தடி தூரம் இருந்தால் அதிகம். காலை பத்து மணியிலிருந்து பெரில் இந்தத் தபால் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பன் சொன்னதை மகன் கேட்டுவிட்டான், மகன் சொன்னதை அப்பன் கேட்டுவிட்டார் என்று தெரிந்தாலும், நடுவில் அவள் பெயர் வராமல் ஒரு பேச்சும் நகரவில்லை. ஆரம்பத்தில் இரண்டு மூன்று முறை உண்மையாகவே சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு வெறுமனே நின்றாள். அதுவே போதுமாயிருந்தது.

ராய்க்கு எழுபத்தாறு வயது. நாற்பத்தைந்து வருஷம் ஹல் நகரத்து வீடுகளுக்குக் கல் ஓடு வேய்ந்தவர். கல்லை வெட்டும்போது எழுந்த தூசி மெல்ல மெல்ல நெஞ்சில் இறங்கி, கடைசியில் மூச்சுக்கே இடமில்லாமல் செய்துவிட்டது. ஏப்ரல் மாதம் ஆஸ்பத்திரியில் கையை விரித்தபோது, "அப்படின்னா நான் போய்க் கடலைப் பாத்துக்கிட்டு இருக்கேன்," என்று சொல்லிவிட்டு கடலோர ஊரான விதர்ன்சீக்கு வடக்கே இருந்த இந்தக் கேரவனுக்கு வந்துவிட்டார். இரண்டு பேர் ஒட்டிப் படுத்துக்கொள்ளும் அளவுக்குச் சின்ன வண்டி. அவர்கள் அதை வாங்கியபோது முன்னால் இன்னொரு வரிசை கேரவன்கள் நின்றிருந்தன. அந்த வரிசை நின்ற மண்ணைக் கடல் தின்றுவிட்டது. இப்போது ஜன்னலுக்கும் மேட்டின் விளிம்புக்கும் நடுவில் ஒரு வேலியும் கொஞ்சம் புல்லும் மட்டும்.

ராய் வந்த மறுநாளே பிராணவாயு மெஷின் வந்தது. சின்ன அலமாரி உயரம். அப்புறம் கழிப்பறை நாற்காலி, அப்புறம் மருந்துப் பெட்டிகள். பெரில் உட்கார இடமில்லாமல் வாசற்படியில் உட்கார்ந்தாள். பார்க்க வந்தவர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போனார்கள். அப்போதுதான் கடையின் விளம்பரப் பலகையில் ஓர் அட்டையைப் பார்த்தாள். கேரவனின் பக்கவாட்டில் மாட்டுகிற கித்தான் பந்தல், பழசு, கம்பிகளோடு, வந்து எடுத்துக்கொள்ள வேண்டும், ஊர் டிரிஃபீல்ட்.

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வண்டி வைத்திருக்கிற ஆள் என்று யோசித்தபோது ஒரே ஒரு பெயர்தான் வந்தது. ராயைக் கல்யாணம் செய்துகொண்ட இந்த ஏழு வருஷத்தில் அவள் டங்கனோடு பேசியது கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் மட்டும். போன் செய்தாள். அவன், "எத்தனை மணிக்கு வரணும்?" என்று மட்டும் கேட்டான்.

அவனுக்கு நாற்பத்தெட்டு வயது. பதினான்கு வருஷம் அப்பாவிடம் கூரை வேலை பார்த்தவன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், அவன் வேய்ந்து முடித்த கூரை மேல் ராய் ஏறினார். கடைசி இரண்டு வரிசை ஓடுகளைப் பிடுங்கி, வீட்டுக்காரம்மாள் பார்த்துக்கொண்டிருக்கத் தோட்டத்தில் வீசி, "திரும்பப் போடு," என்றார். டங்கன் ஏணியிலிருந்து இறங்கினான். சுத்தியலை ஏணியின் அடியில் வைத்தான். பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போனான். அதோடு சரி. இப்போது ஒரு ரொட்டிக் கம்பெனியின் வண்டியை ஓட்டுகிறான்.

மெழுகைத் தேய்த்ததும் கித்தான் வழுக்கிக்கொண்டு ஓடியது. கேரவனின் முன் முனையிலிருந்து கூரையின் ஓரமாகப் பின் முனைவரை காடி முழுக்க நிறைந்தது. ஈரமும் பாசியும் கலந்த பழைய நாற்றம் அடித்தது. முன்பு வைத்திருந்த குடும்பத்தின் மணல் மடிப்புகளிலிருந்து பெரிலின் காலணிக்குள் கொட்டியது. மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் தலைக்கிளிப்பும் விழுந்தது. அவள் அதை எடுத்து வேலியின் மேல் வைத்தாள்.

"ரொட்டி வண்டி ஓட்டுறவனுக்குப் பந்தல் போடத் தெரியுதான்னு பாத்துக்க பெரில்," என்றார் ராய்.

"அந்த வண்டி இல்லன்னா பந்தல் டிரிஃபீல்டுலயே கெடந்திருக்கும்னு சொல்லுங்க பெரில்."

"சொல்லிட்டேன்," என்றாள் பெரில் பொதுவாக.

பன்னிரண்டரைக்கு அவள் சால்மன் மீன் வைத்த ரொட்டியும் தேநீரும் கொண்டுவந்தாள். டங்கன் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டான். ராய் இரண்டு ஸ்பூன் தேநீர் குடித்தார். மூன்றாவதை உதட்டை மூடி மறுத்துவிட்டார். தலையணையில் சாய்ந்தபடி ஜன்னலின் கீழ்மூலை வழியாக மகனின் தோளையும் காதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிறார் என்பது டங்கனுக்குத் தெரியும். அவன் கடலைப் பார்த்து மென்றுகொண்டிருந்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு கித்தானின் பின் முனையைத் தரைக்கு இழுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. துணி தரையில் படிந்து, அதற்கு மேலும் மிச்சம் மடிந்து கிடந்தது.

"பெருசு," என்றார் ராய் உள்ளேயிருந்து. சத்தத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டார். "ஒரு சாண் பெருசு. அளக்காம வாங்கினது... யாருன்னு கேளு."

"நான்தான் வாங்கினேன்," என்றாள் பெரில்.

உள்ளே ஒரு நிமிஷம் மெஷின் சத்தம் மட்டும். அப்புறம் ராய் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நீண்டது. டங்கனுக்கும் சிரிப்பு வந்தது. முகத்தைக் கேரவன் பக்கம் திருப்பி, நெற்றியைத் தகரத்தில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தான். ஒருவர் சிரிப்பது இன்னொருவருக்குத் தெரிந்ததா என்று பெரிலால் சொல்ல முடியவில்லை.

இருமல் அடங்கிய பிறகு ராய் சொன்னார்: "மிச்சத்தை எல்லாம் பின்பக்கம் ஒதுக்கச் சொல்லு. காத்து முன்னாடியிருந்து வருது. பின்னால தொங்கினா... யாரும் பாக்கமாட்டாங்க."

"சரி," என்றான் டங்கன். அந்த ஒரு சொல்லில் பெரில் இல்லை. அவள் அதைக் கவனித்தாள். ராயும் கவனித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை.

கம்பிகள்தான் பெரிய தொல்லை. பதினோரு கம்பிகள் ஒரே பையில் குவிந்து கிடந்தன. எதிலும் எழுத்தோ அடையாளமோ இல்லை. டங்கன் தரையில் பரப்பி, நீளம் பார்த்து ஜோடி சேர்த்தான். கூரைக் கம்பிகளை ஒவ்வொன்றாக ஏற்றினான். நடுக்கம்பியை நிமிர்த்தும்போது கித்தானின் பாரம் முழுக்க அவன் தோளில் இறங்கியது. ஒரு கையால் துணியை மேலே தள்ளிக்கொண்டு, இன்னொரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயில் ஒரு திருகாணியைக் கவ்விக்கொண்டு நின்றான்.

"நடுக்கம்பி உசரமா இருக்கணுமா, தாழ்வாவா?" என்றான் பல்லுக்கு நடுவிலிருந்து. "அவர்கிட்ட கேளுங்க."

ஜன்னலிலிருந்து பதில் வரவில்லை. தூங்குகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பெரில் உள்ளே போனாள்.

ராயின் தலை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. மூக்கில் குழாய் அப்படியே இருந்தது. மெஷின் காற்றை அனுப்பிக்கொண்டிருந்தது. உள்ளே வாங்கிக்கொள்ள ஆளில்லாததால் அது அவர் மேலுதட்டில் பட்டு, வெள்ளை மீசையின் மயிர்களை அசைத்துக்கொண்டிருந்தது. அவள் அதைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு எட்டி, வீணாக ஓடும் குழாயை மூடுவதுபோல, மெஷினை நிறுத்தினாள். மூன்று வாரமாக ராத்திரியும் பகலும் அந்த வண்டியை லேசாக அதிரவைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவள் அவருடைய கண்களை மூடினாள். குழாயைக் கழற்றினாள். சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். கை இன்னும் சூடாக இருந்தது. அதைப் போர்வைக்குள் வைத்துவிட்டு, சொல்வதற்காக வெளியே வந்தாள்.

டங்கன் இரண்டு கைகளையும் தூக்கியபடி அதே நிலையில் நின்றுகொண்டிருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவன் கையை எடுத்தால் காலையிலிருந்து செய்த வேலை அத்தனையும் தலையில் விழும்.

"என்ன சொன்னார்?"

பெரில் வாயைத் திறந்தாள். "தாழ்வா இருக்கட்டுமாம்," என்று வந்தது.

அவன் கம்பியை இரண்டு துளை இறக்கித் திருகாணியைப் போட்டான். பாரம் தோளிலிருந்து கம்பிக்கு மாறியது. இப்போது சொல்லலாம். ஆனால் அவன் உடனே அடுத்த கம்பியை எடுத்துவிட்டான். அவளும் அதன் மறுமுனையைப் பிடித்தாள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், இதே வண்டிக்குள், மழை விடாமல் அடித்த ஒரு மத்தியானம். இருவரும் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ராய் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அந்த ரெண்டு வரிசையும் சரியாத்தான் இருந்துச்சு பெரில்," என்றார். எதைச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "அப்போ ஏன் பிடுங்கிப் போட்டே?" என்றாள். "அந்த வீட்டம்மா அவனைப் பாத்து, உங்கப்பாவை விட நீ சுத்தமா செய்யறேன்னு சொல்லுச்சு. நான் ஏணியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்." இதை அவனிடம் சொல்லிவிடு என்று அவள் சொன்னாள். அவர் சீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "உன் ஆட்டம்," என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வந்ததே இல்லை.

டங்கன் ஏணியை நகர்த்தி மூலைக்கம்பியில் கை வைத்தபோது அவள் சொன்னாள்: "அந்த ரெண்டு வரிசையும் சரியாத்தான் இருந்துச்சாம்."

அவன் கை நின்றது.

"எந்த ரெண்டு வரிசை?"

"உனக்குத் தெரியும்."

கீழே அலை ஒன்று மேட்டின் அடியில் மோதி, களிமண்ணைக் கரைத்துக்கொண்டு திரும்பியது. அவன் முகத்தைத் திருப்பவில்லை.

"இப்பவா சொன்னார்?"

"ஆமா."

"மெஷின் சத்தம் கேட்கலையே."

பெரில் கித்தானின் ஓரத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். "நிறுத்திட்டேன்," என்றாள்.

அவன் ஏணியில் அப்படியே நின்றான். பக்கத்து வரிசையில் யாரோ ஒரு கார்க் கதவை அடித்துச் சாத்தினார்கள். அப்புறம் அவன் கையை நீட்டினான்.

"அந்த நீளக் கம்பியை எடுங்க. இல்ல, அது இல்ல. பக்கத்துல இருக்கறது."

மழை வரும்போலிருந்தது. அவர்கள் வேகமாக வேலை செய்தார்கள். டங்கன் ரப்பர்ச் சுத்தியலால் முளைகளை அடித்தான். அவள் கயிறுகளை இழுத்து மாட்டினாள். ஒரு முளை கல்லில் பட்டு வளைந்தது. அதைப் பிடுங்கி, நிமிர்த்தி, ஒரு சாண் தள்ளி அடித்தான். மிச்சத் துணியை எல்லாம் பின்பக்கம் கொண்டுபோய் மடித்து, கல்லை வைத்து அழுத்தினான். ஜிப்பை மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தான். திரும்ப மேலே ஏற்றினான். எல்லாம் முடிந்தபோது மூன்று மணியாகியிருந்தது. அவன் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினான். காலணியைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனான்.

பெரில் பந்தலுக்குள் நின்றாள். உள்ளே வெளிச்சம் பச்சையாக இருந்தது. கேரவனின் சுவர் மெல்லியது.

"பின்னாடி தொங்குது," என்ற டங்கனின் குரல் அவளுக்குக் கேட்டது. "எனக்குத் தெரியும். நீங்க சொன்ன மாதிரிதான் ஒதுக்கியிருக்கேன்."

அதற்கு மேல் கேட்காமலிருக்க, காலி வாளியை எடுத்துக்கொண்டு அவள் குழாயடிக்கு நடந்தாள். வாளி நிறைந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

நர்ஸ் தினமும் வருகிற நேரத்துக்கே வந்தாள். பந்தலைப் பார்த்ததும், "அப்பாடா, இனிமே குனிஞ்சு நிக்க வேண்டாம்," என்றவள், இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். உள்ளே போய் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாள். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள். காகிதங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எத்தனை மணிக்கு இருக்கும்?"

பெரில் பதில் சொல்வதற்குள் டங்கன், "மூணு," என்றான். "வேலை முடிஞ்சதும். முடிஞ்சதைக் கேட்டுட்டுத்தான் போனார்."

நர்ஸ் ராயின் கையைத் தொட்டுப் பார்த்தாள். "கை நல்லா சில்லிட்டுப் போச்சே."

"ஜன்னல் தெறந்திருந்துச்சு," என்றான் டங்கன். "கடல் காத்து."

அவள் அவனை ஒரு முறை பார்த்தாள். "நான் வந்து பாத்த நேரத்தைத்தான் நான் எழுதணும்," என்றாள். "சும்மா கேட்டேன்." நாலு பத்து என்று எழுதினாள். பெரிலின் தோளைத் தொட்டு, "கஷ்டப்படாமத்தாம்மா போயிருக்கார்," என்று சொல்லிவிட்டு, மெஷின்காரர்களுக்கு நாளைக்கே சொல்லிவிடுவதாகச் சொல்லிக் கிளம்பினாள்.

ஈமக் காரியத்துக்காரர்கள் வரும்போது மழை பிடித்துவிட்டது. கறுப்புக் கோட்டு போட்ட இரண்டு பேர். கேரவன் வாசல் குறுகல். நீளவாக்கில் வெளியே கொண்டுவந்து, ஓரிடத்தில் திருப்பித்தான் எடுத்துப்போக முடியும். அந்த ஓரிடம் பந்தலுக்குள் இருந்தது. டங்கன் முன்பக்கத் துணியை முழுக்கக் கழற்றிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டான். அவர்கள் ராயை நனையாமல் திருப்பி, பின்கதவு திறந்திருந்த வண்டிக்குள் ஏற்றினார்கள்.

"பந்தல் இருந்ததால பரவாயில்ல," என்றார் இருவரில் வயதானவர், தொப்பியைத் துடைத்துக்கொண்டே. "போன வாரம் ஒரு எடத்துல ஜன்னல் வழியா எறக்கினோம். இது எப்ப போட்டது?"

"இன்னிக்கு," என்றான் டங்கன்.

வண்டி சேற்றில் மெதுவாகப் போயிற்று. வழியிலிருந்த கேரவன்களில் இரண்டு மூன்று திரைகள் விலகின. அது வளைவில் திரும்புகிறவரை இருவரும் நின்று பார்த்தார்கள். டங்கன் துணியைத் திரும்ப மாட்டினான். மடக்கு நாற்காலிகள் இரண்டைப் பெரில் விரித்துப் போட்டாள். அவன் ஒன்றில் உட்கார்ந்து முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரில்."

"சொல்லு."

"நிஜமா இன்னிக்குத்தான் சொன்னாரா?"

மழை கித்தானில் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. அவள் கழுத்துத்துணியின் முடிச்சை அவிழ்த்து, திரும்பக் கட்டினாள்.

"சொன்னது அவர்தான்," என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். அடுத்த கேள்வி கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. "காலையில நாலு மணிக்கு நான் வண்டி எடுக்கணும்," என்றான். "போன் பண்ணிச் சொல்லிடறேன். வேற ஆளைப் போட்டுக்குவாங்க."

"டீ போடறேன்," என்று அவள் எழுந்தாள்.

உள்ளே படுக்கை அப்படியே கலைந்து கிடந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். அவன் சர்க்கரை போட்டுக்கொள்வானா என்று அவளுக்குத் தெரியவில்லை. மத்தியானம் கேட்காமலே போட்டுக் கொடுத்திருந்தாள். அவனும் ஒன்றும் சொல்லாமல் குடித்திருந்தான். ஒரு தட்டில் சர்க்கரையைத் தனியாக வைத்து, இரண்டு கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

டங்கன் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. கழுவியும் போகாத பாசி விரலிடுக்குகளில் பச்சையாக ஒட்டியிருக்க, உள்ளங்கைகள் இரண்டும் தொடைமேல் மல்லாந்து கிடந்தன. பெரில் அவன் காலடியில், புல்லில், ஒரு கோப்பையைச் சாயாமல் வைத்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தன்னுடையதை மடியில் பிடித்துக்கொண்டாள். இரண்டிலும் ஆவி அடங்கி, மேலே ஆடை படிந்தது. அவள் அவனை எழுப்பவில்லை.